வளரிளம் பருவ நாய் வீட்டுப் பொருள்களைக் கடித்துக் குதறுவதைக் கையாளுதல்: முழுமையான வழிகாட்டி

பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்துவிட்டால் நாய்க்குட்டி கடிப்பதைத் தானாகவே விட்டுவிடும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் ஏழாவது, எட்டாவது மாதத்தில் திகைத்துப் போகின்றன. நான்கு மாதக் குட்டியாக இருந்தபோது செருப்பு வாரோடு நின்ற நாய், இப்போது சோபாவின் கைப்பிடியைக் கிழித்துப் பஞ்சை அறை முழுவதும் இறைக்கிறது. கட்டில் காலைச் சிராய் சிராயாக உரிக்கிறது. சார்ஜர் வயரை இரண்டாகத் துண்டிக்கிறது. தாடை வலுத்துவிட்டதால் சேதமும் பெருகுகிறது. ஆசையோடு வாங்கி வளர்த்த நாயைச் சங்கிலியில் கட்டிப்போடுவதும், மொட்டை மாடிக்குத் தள்ளிவிடுவதும், யாருக்காவது கொடுத்துவிடுவதும் இந்த வயதில்தான் அதிகம் நடக்கின்றன. இவை அத்தனையும் தவிர்க்கக்கூடியவை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரையுள்ள நாய்களை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டாக, அடுக்குமாடிக் குடியிருப்பில், இருவரும் வேலைக்குச் செல்லும் ஒரு வீட்டில் வளரும் எட்டு மாத லாப்ரடாரை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்களில் இந்தச் சிக்கலோடு கால்நடை மருத்துவரைத் தேடி வருவோரிடம் அடிக்கடி காணப்படும் நிலை இதுவே. ராஜபாளையமாக இருந்தாலும், சிப்பிப்பாறையாக இருந்தாலும், தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாயாக இருந்தாலும் வழிமுறை ஒன்றுதான். நாய் கடிப்பதை நாம் நிறுத்த முடியாது, நிறுத்த முயலவும் கூடாது. எதைக் கடிக்கலாம் என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்க முடியும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த அடிப்படையில் அமைந்தது.

இந்த வயதில் ஏன் கடிக்கிறது

நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள் உண்டு. அவை ஏறத்தாழ நான்காவது மாதத்தில் விழத் தொடங்கி, ஏழாவது மாதத்துக்குள் 42 நிலைப்பற்களும் முளைத்துவிடுகின்றன. அந்தக் காலத்து ஈறு அரிப்பு முடிந்த பின்னும் மெல்லும் தேவை முடிவதில்லை. நாய் தன் உலகை அறிவதும், சலிப்பைப் போக்கிக்கொள்வதும், பதற்றத்தைத் தணித்துக்கொள்வதும் வாயினால்தான். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்ற இனங்கள் சுட்டு வீழ்த்திய பறவைகளை வாயில் கவ்விக் கொண்டுவருவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. வாயில் எதையாவது வைத்திருப்பது அவற்றுக்கு இயல்பான நிறைவு.

இதனுடன் வளரிளம் பருவத்தின் மனமாற்றமும் சேர்ந்துகொள்கிறது. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷரின் குழு, பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்டவற்றை ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டது. ஐந்து மாதத்தில் வளர்ப்பவர் ‘உட்கார்’ என்றதும் உட்கார்ந்த நாய்கள், எட்டு மாதத்தில் அதே வளர்ப்பவரின் சொல்லை அதிகம் புறக்கணித்தன. அறிமுகமில்லாத ஒருவர் சொன்னபோதோ அவை கீழ்ப்படிந்தன. பயிற்றுவிக்கும் எளிமை எட்டு மாத அளவில் குறைந்து, ஓராண்டை நெருங்கும்போது மீண்டும் கூடியது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. உங்கள் நாய் உங்களை வேண்டுமென்றே பழிவாங்குகிறது என்ற எண்ணம் தோன்றும் நாள்களில் இதை நினைவில் கொள்ளுங்கள். இது வந்து கடந்துபோகும் பருவம். ஆனால் இந்தப் பருவத்தில் படியும் பழக்கம் பருவம் கடந்த பின்னும் தங்கிவிடக்கூடும் என்பதால், கைகட்டிக் காத்திருப்பதும் சரியாகாது.

முதல் படி: ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், ஒரு குறிப்பேட்டில் மூன்று செய்திகளை மட்டும் எழுதி வாருங்கள்: எந்தப் பொருள், எந்த நேரம், அப்போது வீட்டில் யார் இருந்தார்கள். சலிப்பினால் கடிக்கும் நாய்க்கும், தனிமை அச்சத்தினால் கடிக்கும் நாய்க்கும் தீர்வுகள் வேறு வேறு என்பதால், இந்தக் குறிப்பு இல்லாமல் செய்யும் எந்த முயற்சியும் குருட்டு முயற்சியாகிவிடும்.

சேதம் விழுந்த இடமே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். செருப்பு, ரிமோட், தலையணை, அட்டைப்பெட்டி என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் கடிபட்டு, அது நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் நடக்கிறது என்றால், அங்கே சலிப்பும் செலவாகாத ஆற்றலும் இருக்கின்றன. மாறாக, வாசற்கதவின் நிலையில் நாயின் மார்பளவு உயரத்தில் நகக் கீறல்கள் நீள நீளமாக இறங்கியிருந்து, கதவின் அடி விளிம்பு கடிபட்டு, தரையில் எச்சில் உலர்ந்த வட்டங்கள் தெரிந்து, அது நீங்கள் இல்லாத நேரத்தில் மட்டுமே நிகழ்கிறது என்றால், அந்த நாய் வெளியேறத் துடித்திருக்கிறது. அது தனிமை அச்சம். பழைய கைப்பேசி ஒன்றைக் காணொளிப் பதிவில் வைத்துவிட்டுச் சென்றால் ஐயம் தீர்ந்துவிடும். அச்சமுள்ள நாய் நீங்கள் கிளம்பிய முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே அலைமோதத் தொடங்கும். சலிப்புற்ற நாய் முதலில் தூங்கிவிட்டு, எழுந்த பிறகு வேலையைத் தொடங்கும்.

வீடு திரும்பியதும் நாய் காதைத் தாழ்த்தி, கண்ணை வேறுபக்கம் திருப்பி, வாலை ஒடுக்கிக்கொள்வதைப் பார்த்து, ‘செய்தது தப்பு என்று அதற்கே தெரிகிறது’ என்று சொல்லாத வீடு இல்லை. அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட சோதனையில், அந்தக் குற்றவாளி முகம் நாய் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அமையவில்லை என்பதும், வளர்ப்பவர் திட்டும்போதே அது தோன்றியது என்பதும் தெரியவந்தன. நாய் உங்கள் கோபத்தைப் படிக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு முன் கிழித்த தலையணையோடு அந்தக் கோபத்தை அதனால் இணைக்க முடியாது.

இரண்டாம் படி: மருத்துவக் காரணங்களை விலக்குங்கள்

ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டி வாயைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பொமரேனியன், ஷிட்சூ போன்ற சிறு இனங்களில் பால் பல் விழாமல் நிலைப்பல்லோடு ஒட்டி நின்று தொந்தரவு தருவது வழக்கம். மண், சுவர்ச் சுண்ணாம்பு, துணி, கல் ஆகியவற்றைக் கடிப்பதோடு நிற்காமல் விழுங்கவும் செய்கிறது என்றால், குடற்புழு, இரத்தசோகை, செரிமானக் கோளாறு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். உணவின் அளவையும் மருத்துவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வளரும் நாய்க்கு ஒரு நாளைக்கு ஒரே வேளை மட்டும் சோறு வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு, அது போதாது.

மூன்றாம் படி: வீட்டை மாற்றி அமையுங்கள்

பயிற்சியைவிட இந்தப் படிக்கே நான் அதிக எடை கொடுப்பேன். கடிப்பது நாய்க்குத் தன்னளவிலேயே இன்பமான செயல். ஒவ்வொரு முறை சோபாவைக் கிழிக்கும்போதும் அது தனக்குத்தானே பரிசளித்துக்கொள்கிறது. அந்த வாய்ப்பு தொடர்ந்து கிடைக்கும்வரை உங்கள் பயிற்சி அதனுடன் போட்டியிட்டுத் தோற்றுக்கொண்டே இருக்கும். ஆகவே, வாய்ப்பையே எடுத்துவிட வேண்டும்.

நாயின் உயரத்துக்குக் குனிந்து, ஒவ்வொரு அறையாகத் தரையோடு பார்த்து வாருங்கள். செருப்புகளைக் கதவுள்ள அலமாரிக்கு மாற்றுங்கள். துவைக்கப் போட்ட துணிக் கூடைக்கு மூடி போடுங்கள். காலுறையும் உள்ளாடையும் வியர்வை மணத்தால் நாயை மிகவும் ஈர்ப்பவை, விழுங்கப்பட்டால் குடலை அடைப்பவையும் அவையே. வயர்களைச் சுவரோடு பிளாஸ்டிக் பட்டையில் அடக்குங்கள். பயன்படாத சுவிட்சுகளை அணைத்து வையுங்கள். குப்பைத் தொட்டியை மூடிய இடத்துக்குக் கொண்டுபோங்கள். மாம்பழக் காலத்தில் இது மிகவும் முக்கியம். நாய் விழுங்கிய மாங்கொட்டை குடலில் சிக்கி அறுவைச் சிகிச்சைவரை போவதுண்டு, மக்காச்சோளத் தக்கையும் அப்படியே.

நம் வீடுகளில் கவனிக்கப்படாத நஞ்சுகள் சில உள்ளன. கொசுவிரட்டித் திரவக் குப்பி பெரும்பாலும் நாயின் மூக்கு எட்டும் பிளக்கில்தான் மாட்டப்பட்டிருக்கும்; அதை மேலே மாற்ற வேண்டும். பூஜை அலமாரியின் கற்பூரம், துணி அலமாரியின் நாப்தலின் உருண்டை, எலி மருந்து, மாத்திரை அட்டை, ரிமோட்டுக்குள் இருக்கும் பேட்டரி ஆகிய அனைத்தும் எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். செடிகளில் அரளியும் பொன்னரளியும் இதயத்தைத் தாக்குபவை. அழகுக்காகத் தொட்டியில் வைக்கப்படும் சைகஸ் கல்லீரலைச் சிதைக்கக்கூடியது, அதன் கொட்டை மிகக் கொடியது. மணிபிளான்டும் டிஃபன்பாக்கியாவும் வாயையும் தொண்டையையும் எரியச் செய்பவை. கடிக்கும் வயதிலுள்ள நாய் இருக்கும் வீட்டில் அரளியும் சைகஸும் எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, நாய் நடமாடும் பரப்பைச் சுருக்குங்கள். எட்டு மாத நாய்க்கு வீடு முழுவதும் சுதந்திரம் கொடுப்பது, கண்காணிக்க ஆளில்லாத வேளையில், நமக்கும் அதற்கும் நன்மை செய்வதில்லை. குழந்தைகளுக்காக வாசலில் பொருத்தும் தடுப்புக் கதவைக் கொண்டு ஓர் அறையையோ கூடத்தின் ஒரு பகுதியையோ பிரித்து, அங்கே படுக்கை, தண்ணீர், மின்விசிறி, கடிக்கத் தரும் பொருள்கள் ஆகியவற்றை வையுங்கள். கூண்டு பயன்படுத்துவதானால் அதன் கதவைத் திறந்து வைத்து, உணவை உள்ளே வைத்து, நாய் தானே விரும்பிச் சென்று படுக்கும்வரை பல நாள்கள் பழக்கிய பிறகே மூட வேண்டும்; அப்போதும் பகலில் தொடர்ச்சியாக நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தண்டனையாக ஒருபோதும் அடைக்கக் கூடாது. ஆளில்லாதபோது சங்கிலியில் கட்டிவிட்டுச் செல்வது கழுத்தை இறுக்கும் ஆபத்துள்ளது. பழக்கமாகவே கட்டியோ அடைத்தோ வைத்து, போதிய நடைப்பயிற்சி தராமல் விடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும்.

நான்காம் படி: கடிக்க எதைத் தருவது

கடை அலமாரிகளில் தொங்குவது எல்லாம் பாதுகாப்பானது என்று நம்ப வேண்டாம். ஒரு பொருளின் மேல் உங்கள் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் சற்றும் பதியவில்லை என்றால் அது பல்லை உடைக்கும் அளவுக்குக் கடினமானது. மான் கொம்பு, மாட்டுக் குளம்பு, காய்ந்த கட்டை எலும்பு ஆகியவை மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல்லைப் பிளந்துவிடக்கூடியவை. வேகவைத்த எலும்பு, குறிப்பாகக் கோழி எலும்பு, ஊசி ஊசியாகச் சிதறி உணவுப்பாதையைக் குத்தும். சாப்பாட்டு மேசையில் மிஞ்சிய பிரியாணி எலும்பைப் பாசத்தோடு நாய்க்குப் போடும் வழக்கத்தை முற்றிலும் விட வேண்டும். முடிச்சுப் போட்ட தோல் எலும்புகள் ஊறி வழுக்கித் தொண்டையில் சிக்கும் என்பதால் அவற்றையும் நான் பரிந்துரைப்பதில்லை. தேங்காய் மட்டையைக் கடிக்கத் தருவோர் உண்டு; நாய் அதை நார் நாராகப் பிரிப்பதில் பெரும் மகிழ்ச்சி அடைகிறது என்பது உண்மைதான், ஆனால் நாரை விழுங்குகிற நாய்க்கு அது ஆகாது, எந்த நாய்க்கும் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டே தர வேண்டும். தேங்காய் ஓட்டுத் துண்டைத் தரவே கூடாது.

என் அனுபவத்தில் மிகுந்த பயன் தருவது, நடுவே குழிவுள்ள கெட்டி ரப்பர் பொம்மை. நாயின் எடைக்கேற்ற அளவில், கடைவாய்க்குள் முழுதாகப் போய்விடாத பெரிய ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். அதை நிரப்பும் முறை இது. குறுகிய முனையிலுள்ள துளையை ஒரு கேரட் துண்டால் அடைத்துக்கொள்ளுங்கள். உப்பும் தாளிப்பும் சேர்க்காத குழைந்த தயிர்சாதத்தில் வேகவைத்துப் பிய்த்த கோழியோ, மசித்த பூசணியோ, அன்றாடம் தரும் உலர் நாயுணவுக் குருணைகளோ கலந்து, அடியில் இறுக்கமாகவும் மேலே தளர்வாகவும் அடையுங்கள். வாய்ப்பகுதியில் ஒரு சுவையான துண்டு சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நாய் உடனே ஈடுபடும். முதல் சில நாள்கள் அப்படியே கொடுங்கள். எடுத்துச் சாப்பிடத் தெரிந்துகொண்ட பின், முந்தைய இரவே நிரப்பி உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். உறைந்த பொம்மையை முன்னங்கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு நக்கியும் கடித்தும் முடிப்பதற்கு நாய்க்கு நெடுநேரம் ஆகும், நம் கோடைக்கு அது இதமாகவும் இருக்கும். வெங்காயம், திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை கலக்கக் கூடாதவை. கடலை வெண்ணெய் வாங்கினால் அதில் சைலிட்டால் என்ற இனிப்பு இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். நாய்க்கு அது சிறிய அளவிலேயே கொடிய நஞ்சு.

இப்படித் தரும் உணவை அன்றைய அளவிலிருந்து கழித்துவிட வேண்டும். லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்கும் உணர்வைக் குலைக்கும் மரபணு மாற்றம் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டனர். எவ்வளவு தின்றாலும் போதாததுபோல் பார்க்கும் அந்தக் கண்களுக்கு இரங்கி அளவைக் கூட்டினால், வளரும் மூட்டுகள்தான் அதற்கு விலை கொடுக்கும்.

பொம்மைகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் பரப்பி வைக்காமல், இரண்டு மூன்றை மட்டும் வெளியே வைத்து, சில நாள்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மறைத்து எடுத்து வைத்தது திரும்பி வரும்போது புதியதாகத் தோன்றும். பழைய செருப்பையோ பழைய துணியையோ விளையாடக் கொடுக்க வேண்டாம். கிழிந்த செருப்புக்கும் நேற்று வாங்கிய செருப்புக்கும் உள்ள வேறுபாட்டை நாய் அறியாது. இரண்டிலும் உங்கள் கால் மணம்தான் இருக்கிறது.

ஐந்தாம் படி: ‘விடு’ என்ற சொல்லைக் கற்பியுங்கள்

நாய் உங்கள் காலணியைக் கவ்விக்கொண்டு ஓடும்போது பின்னால் துரத்தினால், அந்தக் கணமே அதற்கு மிகச்சிறந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்துவிடுகிறீர்கள். வாயைப் பலவந்தமாகப் பிளந்து பிடுங்கினால் இன்னும் மோசமான இரண்டு விளைவுகள் உண்டு: பொருளைக் காப்பாற்ற அவசரமாக விழுங்கக் கற்றுக்கொள்ளும், அல்லது உறுமவும் கடிக்கவும் கற்றுக்கொள்ளும்.

அமைதியான நேரத்தில் நாய்க்கு ஒரு சாதாரணப் பொம்மையைக் கொடுங்கள். அது கடித்துக்கொண்டிருக்கும்போது, வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை மூக்கருகே கொண்டுபோங்கள். வாய் தானாகத் திறந்து பொம்மை விழும் அந்த நொடியில் ‘விடு’ என்று ஒருமுறை சொல்லித் துண்டைக் கொடுங்கள். நாய் அதைத் தின்று முடித்ததும் பொம்மையையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிச் செயலைத்தான். ‘விட்டால் இழந்துவிடுவேன்’ என்ற அச்சம் நாய்க்கு நீங்குவது அதனால்தான். சில நாள்களில் ‘விடு’ என்ற சொல்லை முதலில் சொல்லி, வாய் திறந்த பிறகு துண்டை எடுத்துத் தரும் நிலைக்கு வரலாம். பிறகு சற்று அதிக விருப்பமுள்ள பொருள்களுக்குச் செல்லுங்கள். வீட்டில் பாட்டி ‘போடு’ என்றும், பிள்ளைகள் ‘டிராப்’ என்றும், நீங்கள் ‘விடு’ என்றும் சொன்னால் நாய் எதையும் கற்காது. ஒரே சொல்லை எல்லோரும் பின்பற்ற வேண்டும்.

கடிக்கக் கூடாததைக் கடிக்கும்போது கண்ணெதிரே பார்த்துவிட்டால், கத்தாமல் இயல்பான குரலில் பெயரைச் சொல்லி அழைத்து, பொருளை மாற்றி வாங்கி, கடிக்கத் தகுந்ததைக் கையில் கொடுத்து, அதைக் கடிக்கத் தொடங்கியதும் பாராட்டுங்கள். அதைவிட முக்கியமாக, நாய் தானாகவே தன் பொம்மையை எடுத்துக் கடித்துக்கொண்டு அமைதியாகப் படுத்திருக்கும் வேளைகளைக் கவனித்துப் பாராட்டுங்கள். நல்லபடியாக இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, செருப்பை எடுத்தால் வீடே எழுந்து ஓடிவருகிறது என்றால், நாய் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது தெளிவு.

ஆறாம் படி: நாளின் ஒழுங்கு

நடைப்பயிற்சியைத் தூரத்தால் மட்டும் அளக்காதீர்கள். கயிற்றை இழுத்துக்கொண்டே வேகமாக நடந்துவிட்டுத் திரும்புவதைவிட, நாய் நின்று நின்று மோப்பம் பிடிக்க விட்டு மெதுவாக நடக்கும் அரை மணி நேரம் அதன் மூளையை நன்றாகக் களைப்படையச் செய்கிறது. கோடையில் காலை ஏழு மணிக்கு முன்னும், மாலை தரை குளிர்ந்த பின்னும் செல்லுங்கள். புறங்கையைச் சாலையில் ஏழு நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்தத் தரை நாயின் பாதத்தைச் சுடும். எலும்பு வளர்ச்சி முடியாத வயதில் இருசக்கர வாகனத்தோடு ஓட விடுவதும், மாடிப்படிகளில் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவதும் மூட்டுகளுக்குத் தீங்கு. இடுப்பு மூட்டுக் கோளாறுக்கு ஆளாகும் லாப்ரடாருக்கு இது இன்னும் பொருந்தும்.

ஒரு வேளை உணவைத் தட்டில் வைக்காமல், சுத்தமான சாக்கின் மடிப்புகளிலும், சுருட்டிய பழைய துண்டிலும், கூடத்தின் மூலைகளிலும் குருணைகளை ஒளித்து வைத்துத் தேட விடுங்கள். நீங்கள் அருகில் இருக்கும்போது செய்து, முடிந்ததும் சாக்கையும் துண்டையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஓய்வைப் பற்றிப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. வளரும் நாய் பகலிரவில் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்க வேண்டும். மாலையில் பிள்ளைகள் பள்ளி முடிந்து வந்து விளையாட, தொலைக்காட்சி ஒலிக்க, விருந்தினர் வந்துபோக, தூக்கம் கெட்ட நாய் எட்டு மணியளவில் கண்மூடித்தனமாக ஓடி, கிடைத்ததையெல்லாம் கடிக்கும். அதற்கு மேலும் விளையாட்டுக் காட்டிக் களைப்பூட்ட முயல்வது எரியும் தீயில் எண்ணெய் ஊற்றுவதே. அந்த நேரத்துக்கு அரை மணி முன்பாகவே அதன் இடத்துக்கு அழைத்துச்சென்று, விளக்கைக் குறைத்து, உறைந்த பொம்மையைக் கொடுத்துவிடுங்கள். நக்குவதும் மெல்லுவதும் நாயைத் தாமாகவே அமைதிப்படுத்தும்.

ஏழாம் படி: தனியே இருக்கப் பழக்குங்கள்

முதல் படியில் தனிமை அச்சத்துக்கான அடையாளங்கள் தெரிந்திருந்தால் இந்தப் படியே உங்கள் முதன்மை வேலை. சாவியை எடுத்தாலே நாய் பதறுகிறது என்றால், ஒரு நாளில் பலமுறை சாவியை எடுத்து, எங்கும் போகாமல் மீண்டும் நாற்காலியில் அமருங்கள். பையை மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்த் திரும்புங்கள். சாவிக்கும் பிரிவுக்கும் உள்ள தொடர்பு மங்கிய பின், கதவுக்கு வெளியே சில நொடிகள் நின்று, நாய் பதறுவதற்கு முன்பே உள்ளே வாருங்கள். நொடிகளை நிமிடங்களாகவும், நிமிடங்களை அரை மணியாகவும் நாள்கணக்கில் கூட்டுங்கள். பதற்றம் தெரிந்தால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். இந்தப் பயிற்சி நடக்கும் வாரங்களில் நாயை நெடுநேரம் தனியே விட்டுச் செல்வது பயிற்சியைக் குலைத்துவிடும். உறவினரோ, அண்டை வீட்டாரோ, பகல்நேரக் காப்பகமோ துணைக்கு வேண்டும். கடுமையான அச்சத்துக்கு மருந்தும் உண்டு. அதை மருத்துவரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

சலிப்பு மட்டுமே காரணமான நாய்க்கு இவ்வளவு தேவையில்லை. காலை நடை, உணவு, கழிப்பு ஆகியவை முடிந்து, உறைந்த பொம்மையோடு அதன் இடத்தில் விட்டுச் சென்று, நண்பகலில் ஒருவர் வந்து வெளியே அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தால் பெரும்பாலும் போதும்.

செய்யக் கூடாதவை

கட்டில் காலில் மிளகாய்த்தூள் தடவுவது நம்மிடையே பரவலாக உள்ள யோசனை. அது நாயின் கண்ணையும் மூக்கையும் எரித்துத் துன்புறுத்தும். தைலம் தடவுவதும் கூடாது; தைலங்களில் உள்ள கற்பூரம் நஞ்சாகும். கசப்புச் சுவைக்கென நாய்களுக்காகவே தயாரிக்கப்பட்ட தெளிப்பான்களை மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்தலாம், ஆனால் சில நாய்கள் அவற்றைப் பொருட்படுத்துவதே இல்லை. கிழிந்த பொருளை முகத்தில் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது, வாயைக் கட்டிவைப்பது ஆகிய அனைத்தும் நாய்க்கு உங்களிடம் அச்சத்தைக் கற்பிக்கும். அச்சம் கொண்ட நாய் நீங்கள் இல்லாதபோது கடிக்கும், மறைவான இடத்தில் கடிக்கும், இன்னும் அதிகமாகக் கடிக்கும்.

விழுங்கிவிட்டால், மின்சாரம் தாக்கினால்

மீண்டும் மீண்டும் வாந்தி, உணவு மறுப்பு, வயிற்றைத் தொட்டால் வலி, மலம் கழிக்காமை, முன்னங்கால்களை நீட்டிப் பின்பகுதியை உயர்த்தியே நிற்பது ஆகியவை குடல் அடைப்பின் அறிகுறிகள். மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. துணியும் சில பிளாஸ்டிக்கும் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாமல் போகலாம் என்பதால் ஸ்கேனும் தேவைப்படக்கூடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். உள்ளே அது குடலை அறுத்துவிடும். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கவைப்பது உயிருக்கே ஆபத்தானது. என்ன விழுங்கியது, எப்போது என்பதை அறிந்துகொண்டு, உறையோ மிச்சத் துண்டோ இருந்தால் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை போன்ற பெரிய சிகிச்சை இடங்களின் தொலைபேசி எண்ணையும், வீட்டுக்கு அருகில் இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணையும் இப்போதே குறித்து வையுங்கள்.

வயரைக் கடித்த நாயைத் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். எழுந்து நன்றாக நடமாடினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கக்கூடும்.

எட்டாம் படி: சுதந்திரத்தை அறை அறையாகக் கூட்டுங்கள்

சுருக்கிய பரப்பில் தொடர்ந்து சில வாரங்கள் சேதம் ஏதும் இல்லாமல் சென்றால், அடுத்த அறையைத் திறந்து விடுங்கள். முதலில் நீங்கள் உடனிருக்கும்போது, பிறகு நீங்கள் பக்கத்து அறையில் இருக்கும்போது, அதன் பின் பால் வாங்கப் போய்வரும் குறுகிய நேரத்துக்கு. ஓர் அறை நிலைபெற்ற பிறகே மற்றொன்றைத் திறக்க வேண்டும். பல லாப்ரடார்கள் ஒன்றரை வயதை ஒட்டி வீடு முழுவதும் நம்பி விடத்தக்கவை ஆகின்றன. சில இரண்டு வயதுவரை எடுத்துக்கொள்கின்றன. கருத்தடை செய்துவிட்டால் கடிப்பது நின்றுவிடும் என்று சிலர் எதிர்பார்ப்பதற்கு ஆதாரமில்லை. அதை வேறு காரணங்களுக்காக மருத்துவரோடு பேசி முடிவுசெய்யுங்கள்.

இடையில் சறுக்கல் வரும். வீடு மாறும்போதும், புதிய குழந்தை பிறக்கும்போதும், தீபாவளி வெடிச் சத்தத்தின்போதும், மழைக்காலத்தில் நடை குறையும்போதும் விட்டுப்போன பழக்கம் திரும்பலாம். அப்போது கடைசியாகச் சேதமின்றி இருந்த பரப்புக்கே நாயை இரண்டு வாரங்களுக்குத் திருப்பிக்கொண்டு வந்து, குறிப்பேட்டை மீண்டும் திறந்து, நடையிலும் தூக்கத்திலும் தனிமை நேரத்திலும் எது மாறியிருக்கிறது என்று பார்த்து அதைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகு அறைகளை முன்போலவே ஒவ்வொன்றாகத் திறக்கலாம்.